ஜீப்காரர் விட்டுச்சென்ற கேசட் பெட்டி: எதைக் காப்பாற்றுவது, எதை விடுவது?

கேரள எல்லைக்கு அப்பால் மலைமேல் உள்ள வண்டன்மேட்டிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது. ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டிய அப்பா காலமான பிறகு, பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கியிருக்கிறீர்கள். அதில் நாற்பதுக்கு மேற்பட்ட கேசட்டுகள், ஒரு வாக்மேன், ஒரு பை நிறைய சிடிக்கள், துபாயில் இருந்த சித்தப்பா கொடுத்த நான்கு சின்னச் சதுரத் தட்டுகள் இருக்கின்றன. இவை இன்னும் பாடுமா, எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பது உங்கள் கேள்வி.

1986 முதல் 2003 வரை கம்பத்தில் கேசட் பதிவுக் கடை நடத்தியவன் நான். இப்போதும் பழைய டெக்குகளைப் பழுது பார்க்கிறேன். கூடலூர், கம்பம், தேவாரம் பக்கத்திலிருந்து விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்காரர்கள்தான் என் கடையின் முக்கியமான வாடிக்கையாளர்கள். ஆகவே உங்கள் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எந்தக் கேசட்டையும் இப்போதைக்கு எந்தக் கருவியிலும் போட்டுவிடாதீர்கள்.

கம்பம் பள்ளத்தாக்கு மலையின் மழைமறைவுப் பக்கம். நீங்கள் இருப்பது மலைக்கு மேலே. ஆனி, ஆடியில் துவைத்த துணி ஒரு வாரம் காயாத ஊர் அது. கேசட்டுக்குள் இருக்கும் நாடா, பாலியெஸ்டர் பட்டையின் மேல் இரும்பு ஆக்சைடுத் தூளைப் பசையோடு குழைத்துப் பூசியது. ஈரம் ஏறினால் அந்தப் பசையும் அதில் ஒட்டிய தூசியும் பூஞ்சைக்குத் தீனி. கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாக வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சுருள் பழுப்பாக, வழவழப்பாக, ஒரே மட்டமாகத் தெரிந்தால் நல்லது. வெள்ளைப் பொடியோ நூல்நூலாகப் படர்ந்த வளையமோ தெரிந்தால் அது பூஞ்சை. அதைத் தனிப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். அப்படி ஒரு கேசட்டை ஓட்டினால் பூஞ்சை, நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டிலும் ரப்பர் உருளையிலும் ஒட்டிக்கொண்டு, அடுத்து வரும் நல்ல கேசட்டுக்கும் போய்ச் சேரும். ஒரு கெட்ட கேசட் பத்து நல்ல கேசட்டைக் கெடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு மூன்று வாரம் வைத்தால் ஈரம் இறங்கிவிடும். வெயிலில் வைக்காதீர்கள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ஓரமாக ஒரு நாள் வைத்தால் காய்ந்துவிடுமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் ஓடு வளைந்துவிடக்கூடும். ஓடு வளைந்த கேசட் சுற்றாது.

காயட்டும். அதற்குள் எதைத் தேட வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். அச்சிட்ட அட்டையோடு, கம்பெனி பெயரோடு வந்த சினிமாப் பாட்டுக் கேசட்டுகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவற்றில் பெரும்பாலான பாட்டுகள் இன்று கைபேசியில் இதைவிடத் தெளிவாகக் கிடைக்கின்றன. கையால் எழுதிய அட்டை உள்ளவை, எழுத்தே இல்லாதவை, தேதி மட்டும் எழுதியவை, ஆள் பெயர் எழுதியவை ஆகியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். உலகத்தில் வேறெங்கும் பிரதி இல்லாத ஒலி இருக்குமானால் அது அவற்றில்தான் இருக்கும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கேசட்டின் பிறப்பிலிருந்து வர வேண்டும். 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் இதை வெளியிட்டது. பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரத் தொழிற்சாலையில் லூ ஓட்டன்ஸ் தலைமையில் உருவானது. தன் கோட்டுப் பையில் நுழையும் அளவுக்கு ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, கருவி இந்த அளவுக்குள் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னது இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. முதலில் அவர்கள் மனத்தில் இருந்தது பாட்டு அல்ல, பேச்சு. பெரிய ரீல் கருவிகளில் நாடா விநாடிக்கு 19 சென்டிமீட்டர் ஓடும். கேசட்டில் 4.76 சென்டிமீட்டர்தான். நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். அதற்குள் இரண்டு பக்கத்துக்குமாக நான்கு தடங்கள். ஒவ்வொரு தடமும் சுமார் 0.6 மில்லிமீட்டர். இவ்வளவு மெல்லிய தடத்தில் இவ்வளவு மெதுவாக ஓடும் நாடாவில் பாட்டைப் பதிவு செய்தால் அடியில் ஸ்ஸ் என்ற இரைச்சல் இருக்கத்தான் செய்யும். பேச்சுக்கென்று பிறந்த பொருளைப் பாட்டுக்கு இழுத்துக்கொண்டது உலகம். நம் வீடுகளில் இரண்டுக்கும் பயன்பட்டது.

கேசட்டின் குணங்கள் எல்லாம் இந்த அளவுகளிலிருந்து வருபவை. ஹெட் மயிரிழை சாய்ந்தாலும் தடத்தோடு அதன் கோணம் பொருந்தாது. உடனே கீச்சுக் குரலும் தாளத்தின் கூர்மையும் மங்கி, போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆகிவிடும். ஒரு கருவியில் பதிவு செய்தது இன்னொரு கருவியில் மங்கலாகக் கேட்பதற்கு முக்கியமான காரணம் இதுதான். ஜீப்பில் இது இன்னும் மோசம். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரை கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி ஏறும் வண்டியில் ஹெட்டைப் பிடித்திருக்கும் திருகு தானாகத் தளர்ந்துவிடும். மலையில் இருந்து இறங்கிவரும் ஓட்டுநர்கள் மாலையில் வந்து, “அண்ணே, பாட்டு அமுங்கிப்போச்சு” என்பார்கள். ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரால் அந்தத் திருகைக் கால் சுற்றுத் திருப்பினால் சுசீலாவின் குரல் மறுபடி மேலெழும். அந்தக் கணத்தில் அவர்கள் முகத்தில் வரும் மாற்றத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

நாடா சிக்கிக்கொள்வதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், காரணம் பலருக்குத் தெரியாது. நாடாவை இழுப்பது சுற்றும் சக்கரம் அல்ல. மெல்லிய எஃகுத் தண்டும் அதை அழுத்தும் ரப்பர் உருளையும் சேர்ந்துதான் ஒரே வேகத்தில் இழுத்துத் தள்ளுகின்றன. வந்த நாடாவைச் சுருட்டிக்கொள்வது மட்டுமே வலப்பக்கச் சக்கரத்தின் வேலை. பெல்ட் தளர்ந்தோ கேசட்டுக்குள் சுருள் இறுகியோ அந்தச் சக்கரம் நின்றுவிட்டால், தண்டும் உருளையும் நிற்காமல் நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அது போக இடமின்றி உருளையைச் சுற்றிக்கொள்ளும். இதில் பாவப்பட்டது 120 நிமிடக் கேசட். 60 நிமிடக் கேசட்டின் நாடா தடிமன் சுமார் 18 மைக்ரான், 90-இல் 12, 120-இல் 9. இரண்டு மணி நேரம் பாடும் என்று ஆசைப்பட்டு வாங்கி வருவார்கள். ஜீப்பில் போட வேண்டாம் என்று எத்தனையோ பேரிடம் மன்றாடியிருக்கிறேன். உங்கள் பெட்டியில் 120 என்று போட்ட கேசட் இருந்தால் அதை ஒரே ஒரு முறைதான் ஓட்டப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு தொடுங்கள்.

சிக்கிய நாடாவை இழுக்காமல் மெல்ல விடுவித்து, கேசட்டின் பல்சக்கரத்தில் ஆறுமுனைப் பென்சிலைச் செருகிச் சுற்றுவது நம் தலைமுறைக்கே தெரிந்த வித்தை. பல்சக்கரத்தில் ஆறு பற்கள், பென்சிலுக்கு ஆறு முகங்கள். அதனால்தான் கச்சிதமாகப் பிடித்துக்கொள்கிறது. பேட்டரிக் கட்டையை மிச்சப்படுத்தவும் பென்சிலால்தான் பாட்டைப் பின்னோக்கிச் சுற்றினோம். அறுந்துபோன நாடாவை ஒட்டுவதற்குச் சாதாரண செல்லோடேப் உதவாது. அதன் பசை ஓரத்தில் கசிந்து அடுத்த சுற்றையும் ஒட்டிவிடும். அதற்கென்றே தயாரித்த ஒட்டுநாடாதான் வேண்டும். பெட்டியில் யாராவது செல்லோடேப் போட்ட கேசட் இருந்தால், அந்த இடம் வந்ததும் நிறுத்திப் பிரித்து ஒட்டிய பிறகே மேலே போங்கள்.

இன்னொரு நுட்பமான குணம். நெடுநாள் சுருண்டே கிடக்கும் நாடாவில் ஒரு சுற்றின் காந்தப் பதிவு அடுத்த சுற்றின் மேல் மெலிதாகப் படியும். பாட்டு தொடங்குவதற்குச் சற்று முன், அமைதிக்குள், அதே பாட்டின் முதல் ஓசை நிழல்போலக் கேட்கும். பலர் இதைப் பேய் என்று நினைத்தார்கள். வீட்டில் அம்மாவின் குரலைப் பதிவு செய்த கேசட்டில் இப்படிக் கேட்டால் பயப்பட வேண்டாம். ஓட்டுவதற்கு முன் ஒரு முறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றிவிட்டால் இது கொஞ்சம் குறையும். இறுகிக் கிடந்த சுருளும் இளகும்.

பதிவுக் கடை என்று சொன்னேனே, அது எப்படி நடந்தது என்று உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு தாளில் வேண்டிய பாட்டுகளை எழுதிக்கொண்டு, வெற்றுக் கேசட்டையும் வாங்கிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். டி.டி.கே., சோனி, மெல்ட்ராக் என்று அவரவர் வசதிக்கேற்ப. நான் இசைத்தட்டிலிருந்தோ மூலக் கேசட்டிலிருந்தோ ஒவ்வொன்றாகப் பதிவு செய்வேன். ஒரு பக்கம் 30 நிமிடம். ஆறு பாட்டு அமரும். ஏழாவது அமருமா என்பதில்தான் திறமை. பக்கத்தின் கடைசியில் பாட்டு பாதியில் அறுபட்டால் அந்தக் கடைக்கு மறுபடி ஆள் வராது. அதனால் விநாடிக் கணக்கு எழுதிவைத்த நோட்டு ஒன்று என்னிடம் இருந்தது. கேசட்டின் தொடக்கத்தில் ஐந்து விநாடிக்கு மேல் பதிவேறாத வெற்று நாடா இருக்கும். வீட்டில் பதிவு செய்பவர்கள் அதை மறந்துவிடுவார்கள். அதனால்தான் வீட்டுக் கேசட்டுகள் பலவற்றில் முதல் சொல் இருக்காது, இரண்டாம் சொல்லில் தொடங்கும்.

அந்தத் தொழிலில் பாட்டுக்கு உரிமையுள்ளவர்களுக்கு எதுவும் போய்ச்சேரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அப்போதும் இருந்தது. நாடெங்கும் எல்லோரும் செய்தோம் என்பது நியாயம் ஆகாது. இன்று நினைக்கும்போது எனக்கு அதில் வருத்தம் உண்டு.

நம் எல்லைப் பகுதிக் கேசட்டுக்கு ஒரு தனி முகம் இருந்தது. ஏ பக்கம் தமிழ், பி பக்கம் மலையாளம். குமுளிக்கு மேலே தோட்டத்தில் வேலை பார்க்கும் பெண்கள் ஏறியதும் தமிழ்ப் பாட்டு. கட்டப்பனைச் சந்தைக்குச் சரக்கு ஏற்றிப் போகும்போது திருப்பிப் போட்டால் மலையாளம். யேசுதாஸ் 1980-இல் தொடங்கிய தரங்கிணி நிறுவனத்தின் கேசட்டுகளைத் தேடித்தேடி வாங்கி வந்து பதிவு செய்யச் சொன்ன தமிழ் ஓட்டுநர்கள் எனக்குப் பலரைத் தெரியும். கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்பன் பாட்டைத் தவிர வேறு எதுவும் ஓடாது. குமுளி வழியாகப் போகும் சாமிமார்களின் வண்டிகள் கம்பத்தில் நிற்கும். இரவெல்லாம் கடை திறந்திருக்கும். ஒரே கேசட்டை இரண்டு மாதம் ஓட்டினால் நாடாவின் மேல்பூச்சு உதிர்ந்து ஹெட்டில் பழுப்பாகப் படியும். தை பிறந்ததும் வரிசையாக ஹெட் துடைக்க வருவார்கள். சிலர் பெட்ரோலில் நனைத்த துணியால் தாங்களே துடைத்து, ரப்பர் உருளையைப் பாழாக்கிவிட்டு வருவார்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும் போதும். இன்றும் அதுதான் மருந்து.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். சித்தப்பா துபாயில் இருந்தார் என்றீர்கள். எண்பதுகளில் வளைகுடாவிலிருந்து தொலைபேசியில் பேசுவது எளிதல்ல, செலவும் அதிகம். கடிதம் எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள் அநேகம். அதனால் கேசட்டில் பேசி அனுப்பினார்கள். ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டுவிட்டு, அதே கேசட்டின் மறுபக்கத்தில் பதில் பேசித் திருப்பி அனுப்புவார்கள். டேப் ரிக்கார்டர் இல்லாத வீட்டுக்காரர்கள் என் கடைக்கு வந்து பேசுவார்கள். நான் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுக் கடைக்கு வெளியே போய் நின்றுகொள்வேன். அனுமந்தன்பட்டியிலிருந்து ஒரு அம்மா மாதம் ஒருமுறை வருவார். அரை மணி நேரத்தில் பாதி நேரம் பேசமாட்டார். அழுகையும் மூச்சும்தான் பதிவாகும். அழித்துவிட்டு மறுபடி பேசுங்கள் என்று ஒருமுறை சொன்னேன். “அதுவும் அவனுக்குப் புரியும் தம்பி, இருக்கட்டும்” என்றார்.

இந்தக் கேசட்டுகளில் பலவற்றின் மேல் பிறகு பாட்டு ஏறிவிட்டது. கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் பதிவு செய்ய முடியாது. பாதுகாக்க நினைத்தவர்கள் உடைத்தார்கள். பிறகு பணத்தட்டுப்பாட்டில் அந்தத் துளையைக் காகிதத்தாலோ நாடாவாலோ அடைத்து மேலே பாட்டைப் பதிவு செய்தவர்களும் உண்டு. உங்கள் பெட்டியில் நாக்கு உடைந்து, மேலே எதுவும் ஒட்டாமல் இருக்கும் கையெழுத்துக் கேசட் கிடைத்தால், அதைத்தான் முதலில் கையில் எடுக்க வேண்டும். யாரோ ஒருவர் இது அழியக் கூடாது என்று நினைத்து உடைத்தது அது. கையெழுத்துள்ள மற்றக் கேசட்டுகளிலும் கருவியில் போடுவதற்கு முன் நாக்குகளை உடைத்துவிடுங்கள். தவறிப் பதிவுப் பொத்தான் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

வாக்மேன் விஷயம். சோனி முதல் வாக்மேனை 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பதிவு செய்யும் வசதி அதில் கிடையாது. ஆனால் இரண்டு பேர் சேர்ந்து கேட்க இரண்டு ஹெட்போன் துளைகளும், பாட்டைத் தாழ்த்திவிட்டு ஒருவரோடு ஒருவர் பேச ஒரு ஆரஞ்சுப் பொத்தானும் இருந்தன. காதில் மாட்டிக்கொண்டு தனியாகிவிடுவார்களோ என்று தயாரித்தவர்களே யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. நம் பக்கம் வந்தவற்றில் பெரும்பாலானவை வளைகுடாவிலிருந்து வந்தவை, அல்லது பெயர் தெரியாத மலிவுக் கருவிகள். மலிவுக் கருவிகளில் முன்னோக்கி ஓட்டும் பொத்தான் மட்டும் இருக்கும். பின்னோக்கி வர வேண்டுமானால் கேசட்டைத் திருப்பிப் போட்டு முன்னோக்கி ஓட்டி, மறுபடி திருப்ப வேண்டும். கட்டை இறங்கினால் வேகம் குறைந்து சுருதி தாழும். ஜானகி பாடுவது ஆண் குரலாகி, பிறகு முனகலாகி நிற்கும்.

உங்கள் அப்பாவின் வாக்மேனில் கட்டை உள்ளேயே இருந்து கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தால் கையுறையோடு துடைத்தெடுக்கலாம். உள்ளிருக்கும் ரப்பர் பெல்ட் இத்தனை வருடத்தில் தார்போல உருகியிருக்கும். அதைச் சுரண்டிவிட்டு அதே விட்டத்தில் புதிது போட்டால் பெரும்பாலும் ஓடும். ஆனால் அதில் உங்கள் அரிய கேசட்டைப் போடாதீர்கள். அதை நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரதி எடுக்க நல்ல நிலையில் உள்ள ஒரு வீட்டு டெக் வேண்டும்.

சிடிக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 1982-இல் வந்தது, 1984-இல் சோனி கையடக்கக் கருவியும் கொண்டுவந்தது. ஒளிக்கதிர் படிக்கும் பொருள் என்பதால் தேய்மானம் இல்லை என்றார்கள். உண்மைதான், ஆனால் குலுக்கல் ஆகாது. பத்து விநாடி, நாற்பது விநாடிப் பாட்டை முன்கூட்டியே நினைவகத்தில் எடுத்துவைக்கும் கருவிகள் வந்த பிறகும் தோட்டத்து மண்பாதையில் அது தாங்கவில்லை. அதனால்தான் நம் ஜீப்புகளில் கேசட் நெடுநாள் நீடித்தது. பையில் இருப்பவற்றில் அச்சிட்டவை நன்றாக இருக்கும். கடையில் பதிவு செய்து கொடுத்தவை, பேனாவால் எழுதியவை ஆகியவற்றைத் தள்ளிப்போடாமல் இப்போதே கணினியில் பிரதி எடுங்கள். அவற்றில் பதிவு ஒரு சாயப்படலத்தில் இருக்கிறது. வெயிலும் ஈரமும் அதைக் கொல்லும். எல்லோரும் வெள்ளிப் பக்கத்தைத்தான் பொத்திப் பாதுகாப்பார்கள். உண்மையில் எழுத்துப் பக்கம்தான் மென்மையானது. அங்கே பூச்சுக்கு நேர் கீழே பிரதிபலிக்கும் படலம் இருக்கிறது. பால்பாயின்ட் பேனாவின் அழுத்தமே அதைக் கீறிவிடும். ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு அடைத்த எம்பி3 சிடிக்கள் இருந்தால், கீறல் இல்லாமல் இருந்தால் மட்டும் பாருங்கள். அதில் உங்களுக்கென்று எதுவும் இருக்க வாய்ப்பில்லை.

அந்தச் சதுரத் தட்டுகள் மினிடிஸ்க். நம் மலையில் நான் பார்த்தவை மொத்தம் ஐந்தாறுதான். அதனால் உங்கள் கடிதத்தில் அதைப் படித்ததும் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. சோனி 1992-இல் வெளியிட்டது. ஓட்டுக்குள் 64 மில்லிமீட்டர் தட்டு. பதிவு செய்யும் முறை அழகானது. கீழிருந்து லேசர் கதிர் ஒரு புள்ளியைச் சூடாக்கும். அந்தச் சூட்டில் அந்தப் புள்ளி தன் காந்தத் தன்மையை இழக்கும். அந்த நேரத்தில் மேலிருந்து ஒரு காந்த ஹெட் புதிய திசையைக் கொடுக்கும். ஆறியதும் அது அப்படியே உறைந்துவிடும். சாதாரண காந்தம் பட்டால் அழியாது. ஈரத்துக்கும் கேசட் அளவு பயப்படாது. பாட்டை வெட்டலாம், சேர்க்கலாம், வரிசையை மாற்றலாம், பெயர் எழுதலாம். கேசட்டில் வெட்டி ஒட்டி வாழ்ந்த எனக்கு அதை முதன்முதலில் பார்த்தபோது கண்ணில் நீர் வந்தது.

அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பதிவு முடிந்த பிறகுதான் தட்டில் எழுதும். எழுதி முடிப்பதற்குள் கட்டை தீர்ந்தாலோ மின்சாரம் போனாலோ பதிவு செய்தது தட்டில் இருந்தும் கருவிக்குத் தெரியாது. வெற்றுத் தட்டு என்றே காட்டும். அதனால் உங்கள் நான்கில் ஒன்று வெறுமையாகக் காட்டினால் அதன் மேல் எதையும் பதிவு செய்துவிடாதீர்கள், ஓரமாக வையுங்கள். சோனி மினிடிஸ்க் கருவிகளை 2013-இல் நிறுத்தியது. வெற்றுத் தட்டுகளின் தயாரிப்பையும் 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. கருவி பழைய பொருள் சந்தையில்தான் கிடைக்கும். சித்தப்பாவிடமே முதலில் கேளுங்கள். அவருடைய அலமாரியில் இருக்கக்கூடும்.

அதே 1992-இல் பிலிப்ஸ் கொண்டுவந்த எண்முறைக் கேசட் நான்கே வருடத்தில் மறைந்தது. நம் பக்கம் அது வரவே இல்லை. அதன் பிறகு 1998-இல் 32 எம்.பி. நினைவகத்தோடு வந்த முதல் எம்பி3 கருவிகளில் அரை மணி நேரப் பாட்டுதான் அடங்கும், ஏறக்குறைய ஒரு கேசட்டின் ஒரு பக்கம். பிறகு பென்டிரைவ் வந்தது. ஜீப்பின் ஸ்டீரியோக்கள் மாறின. என் கடையும் மூடியது.

பிரதி எடுப்பதற்கான முறையைச் சொல்கிறேன். கணினியில் செருகும் மலிவான கேசட் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் சுருதி அலையும், ஹெட்டும் தரமற்றது, வாங்க வேண்டாம். நல்ல டெக்கின் ஒலி வெளிவரும் துளையிலிருந்து (லைன்-அவுட்) கணினியில் ஒலி உள்ளே போகும் துளைக்கு (லைன்-இன்) எடுங்கள். இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானை அணைத்துவிட்டு எடுங்கள். பிறகு தேவையானால் திருத்திக்கொள்ளலாம், போனது திரும்பாது. ஒலியைச் சுருக்காமல் வைக்கும் டபிள்யூ.ஏ.வி. வடிவில் சேமியுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்.பி. ஆகும்; நாற்பது கேசட்டும் சேர்ந்து ஒரு சின்ன பென்டிரைவில் அடங்கிவிடும். ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்பு, ஹெட்டின் கோணத் திருகை ஒலி மிகக் கூர்மையாகும் வரை மெல்லத் திருப்புங்கள். அந்தக் கேசட் எந்தக் கருவியில் பதிவானதோ அதன் கோணத்துக்கு நாம் போக வேண்டும். ஒலி முற்றிலும் மங்கலாக இருந்தால், நாடாவுக்குப் பின்னால் செம்புத் தகட்டில் ஒட்டியிருக்கும் சின்னக் கம்பளித் துண்டு இருக்கிறதா பாருங்கள். ஈரத்தில் அதன் பசை விட்டு விழுந்துவிடும். ஐந்து திருகு உள்ள ஓடாக இருந்தால் திறந்து, வேண்டாத சினிமாக் கேசட்டிலிருந்து அந்தத் துண்டை எடுத்து மாற்றலாம். கழிக்கலாம் என்று சொன்ன கேசட்டுகளில் ஐந்தாறை இதற்காகவே வைத்துக்கொள்ளுங்கள். பூஞ்சை பிடித்தவற்றை மட்டும் நீங்களாகச் செய்ய வேண்டாம். தனிக் கருவியில், முகக்கவசத்தோடு செய்ய வேண்டிய வேலை. கம்பத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள், நானே செய்து தருகிறேன்.

கடைசியாக ஒன்று. 60 என்று போட்ட நல்ல கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடத்துக்கு மேலும் கொஞ்சம் நாடா இருக்கும். நான் பாட்டை முடித்த பிறகும் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ வெற்றாகக் கிடக்கும். பிரதி எடுக்கும்போது கடைசிப் பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். நாடா தீர்ந்து பொத்தான் தானாக எழும்பும் வரை ஓடவிடுங்கள். மூன்று வருடத்துக்கு முன் சின்னமனூரிலிருந்து ஒரு பெண் கொண்டுவந்த பக்திப் பாட்டுக் கேசட்டை அப்படித்தான் ஓடவிட்டேன். பாட்டு முடிந்து சற்று அமைதி, பிறகு ஒரு பொத்தான் சத்தம், ஒரு குழந்தை எதையோ கேட்கிறது, பின்னால் ஒரு ஆண் குரல், “தொடாத பாப்பா, ஓடிட்டிருக்கு” என்கிறது. முப்பது விநாடிகூட இல்லை. அந்தக் குழந்தை அவள்தான். அந்தக் குரலை அவள் பதினெட்டு வருடமாகக் கேட்டிருக்கவில்லை.